தீராத கணக்குகளுக்குத் தீர்வு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோலாட்ஸ் கணக்குக்கு முடிவு, கோல்ட்பாக் ஊகத்துக்கு நிரூபணம், ரீமான் கருதுகோளுக்கு விடை, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ஒரே பக்கத்தில் எளிய வழி என்று கணிதத் துறைகளுக்குக் கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. எழுதுகிறவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உண்டு, பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பிளஸ் டூ மாணவர்களும் உண்டு. பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் போவதில்லை. அந்த மௌனம் உங்களைப் புண்படுத்துகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பல வருட உழைப்பை ஒருவர் கொண்டுவந்து வைக்கும்போது, "இந்தப் பக்கத்தில், இந்த வரியில் தவறு" என்ற ஒரு வாக்கியமாவது அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1908-இல் ஃபெர்மா தேற்றத்துக்கு ஒரு லட்சம் மார்க் வோல்ஃப்ஸ்கேல் பரிசு அறிவிக்கப்பட்டதும், முதல் ஆண்டிலேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு 621 நிரூபணங்கள் வந்து சேர்ந்தன. அங்கே பேராசிரியராக இருந்த எட்மண்ட் லாண்டாவ், "முதல் தவறு பக்கம் இது, வரி இது" என்று இரண்டு இடம் காலியாக விட்ட அட்டைகளை அச்சடித்து வைத்துக்கொண்டு, மாணவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். அந்தக் காலி இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ள ஒரு வழி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வழி இதுதான். ஒவ்வொரு தீராத கணக்குக்கும் பக்கத்திலேயே, பார்க்க அச்சாக அதைப் போலவே இருக்கும் ஒரு பொய்க் கூற்று குடியிருக்கிறது. உங்கள் நிரூபணத்தை எடுத்துச் சென்று அந்தப் பொய்க் கூற்றின் மேல் வரிவரியாக வைத்துப் பாருங்கள். அங்கேயும் அது தடையில்லாமல் ஓடினால், அது எதையும் நிரூபிக்கவில்லை. எந்த வரியில் அது ஓடாமல் நிற்கிறதோ, அந்த வரிதான் உங்கள் வேலையின் உயிர். எங்களுக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே நின்றுவிடுகின்றன.

கோலாட்ஸிலிருந்து தொடங்குவோம், அதிகம் வருவது அதுதான். ஓர் எண்ணை எடு. இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வருமா என்பது கேள்வி. 27-இல் தொடங்கினால் 9232 வரை ஏறி, 111 படிகள் கழித்து 1-க்கு வருகிறது. 2⁶⁸ வரை எல்லா எண்களும் கணினியில் சரிபார்க்கப்பட்டு 2020-இல் அறிவிக்கப்பட்டன. இதன் பக்கத்து வீட்டுக் கூற்று: ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் ஒன்றைக் கழித்தால்? 5-இல் தொடங்குங்கள். 5, 14, 7, 20, 10, மறுபடி 5. 1-க்கு வரவே வராது. 17-இல் தொடங்கினால் இன்னும் நீளமான சுற்று: 17, 50, 25, 74, 37, 110, 55, 164, 82, 41, 122, 61, 182, 91, 272, 136, 68, 34, மறுபடி 17.

இதைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக வரும் மூன்று வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது, சராசரி வாதம். ஒற்றை எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டிய பின் அதை எத்தனை முறை 2-ஆல் வகுக்கலாம்? பாதி எண்களுக்கு ஒரு முறை, கால்வாசிக்கு இரண்டு முறை, அரைக்கால்வாசிக்கு மூன்று முறை என்று போகும். சராசரி இரண்டு முறை. ஆகவே ஒரு சுற்றில் எண் மூன்றால் பெருகி நான்கால் வகுபடுகிறது, முக்கால் பங்காகச் சுருங்குகிறது, எனவே 1-க்கு வந்தே தீரும் என்பது வாதம். கணக்கு சரி. ஆனால் ஒன்றைக் கழிக்கும் விதியிலும் இதே சராசரிதான், அதே முக்கால்தான். அங்கே 5 சுற்றிக்கொண்டே இருக்கிறது. சராசரி கூட்டத்தைப் பற்றிப் பேசும், தனி எண்ணைப் பற்றிப் பேசாது.

இரண்டாவது, தலைகீழ் மரம். 1-இலிருந்து பின்னோக்கிப் போனால் 2, 4, 8, 16. 16-லிருந்து 32-க்கும் 5-க்கும் இரண்டு கிளை. கிளைகள் முடிவில்லாமல் பிரிகின்றன, ஆகவே மரம் எல்லா எண்களையும் தொட்டுவிடும் என்பார்கள். கழித்தல் விதியில் 1-இலிருந்தும், 5-இன் சுற்றிலிருந்தும், 17-இன் சுற்றிலிருந்தும் மூன்று தனித்தனி மரங்கள் வளர்கின்றன. மூன்றுக்கும் முடிவில்லாத கிளைகள், ஒன்றின் இலை மற்றொன்றில் இல்லை. முடிவில்லாமல் கிளைப்பது வேறு, எல்லாவற்றையும் தொடுவது வேறு.

மூன்றாவது வாதம்தான் மிக நேர்த்தியானது, அதில் உண்மையான கணிதம் இருக்கிறது. எண்களை மீதி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் தன்னைவிடச் சிறிய எண்ணுக்கு இறங்குகிறது என்று காட்டுவது. க என்பது ஏதோ ஒரு முழு எண் என்றால், 4க + 1 என்ற வடிவம் 12க + 4 ஆகி, 6க + 2 ஆகி, 3க + 1 ஆகிறது. 1-ஐத் தவிர மற்றவற்றில் இது 4க + 1-ஐவிடச் சிறியது. நல்லது, அந்த வகை முடிந்தது. 16க + 3 சற்று ஏறிவிட்டு 9க + 2-க்கு வருகிறது, அதுவும் முடிந்தது. 32-ஆல் வகுத்து மீதி 11 வரும் எண்கள் 27க + 10-க்கும், மீதி 23 வருபவை 27க + 20-க்கும் இறங்கிவிடும். மிஞ்சுவது 32-இன் மீதிகளில் 7, 15, 27, 31 என்ற நான்கு மட்டுமே. இந்த இடத்தில் பிரதிகளில் "இவ்வாறே மற்றவையும்" என்ற இரண்டு சொற்கள் வருகின்றன. தவறு சரியாக அங்கேதான் நிகழ்கிறது. 64, 128, 256 என்று எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வகை கட்டாயம் மிஞ்சும்: 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்கள். 31-ஐ எடுத்துப் பாருங்கள். பெருக்கிக் கூட்டிப் பாதியாக்குவதை ஒரே படியாகக் கொண்டால், 31, 47, 71, 107, 161, 242 என்று ஐந்து படியும் ஏறிக்கொண்டே போகிறது; 242 என்பது 3⁵-க்கு ஒன்று குறைவு. 63-க்கு இது ஆறு படி, 127-க்கு ஏழு. மிஞ்சுகிறவற்றின் விகிதம் சுழியை நோக்கிக் குறையும் என்று 1976-இல் ரிஹோ டெராஸ் நிரூபித்துவிட்டார். 2019-இல் டெரன்ஸ் தாவ் அதைவிடப் பலமான முடிவைத் தந்தார். இரண்டு முடிவிலும் "ஏறக்குறைய எல்லா" என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல்லை நீக்குவதுதான் மீதமுள்ள முழு வேலையும்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. இம்மாதிரி பெருக்கி வகுக்கும் விதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக விடை சொல்லும் செயல்முறை எதுவும் இருக்க முடியாது என்று 1972-இல் ஜான் கான்வே நிரூபித்தார். உங்கள் முறை "எந்த விதிக்கும் பொருந்தும்" என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்த வாக்கியமே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபெர்மாவுக்கு வருவோம். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகை மற்றொரு கன எண் ஆகாது, மூன்றுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் அப்படியே என்பது கூற்று. ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார், சரிபார்ப்பில் ஓட்டை தெரிந்தது, ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து 1994 செப்டம்பரில் அதை அடைத்தார், 1995-இல் அச்சானது. எனவே இது தீர்ந்த கணக்கு. இருந்தும் எளிய வழி தேடுவதில் குற்றமில்லை. தேடும்போது செய்ய வேண்டிய முதல் சோதனை, அடுக்கு இருக்கும் இடத்தில் எல்லாம் 2 என்று போட்டுப் பார்ப்பது. மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம். உங்கள் இயற்கணித வரிகள் அடுக்கு 2-க்கும் அப்படியே ஓடினால், 3, 4, 5 இல்லை என்று நிரூபித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது சோதனையை ராமானுஜன் நமக்கு விட்டுப் போயிருக்கிறார். 9³ + 10³ என்பது 12³-ஐவிட ஒன்றே ஒன்று அதிகம். 1729-இன் கதை எல்லாருக்கும் தெரியும். 135³ + 138³ என்பது 172³-ஐவிட ஒன்று குறைவு. 791³ + 812³ என்பது 1010³-ஐவிட ஒன்று குறைவு. இப்படி ஒன்றில் தவறும் மூன்றெண் தொகுதிகள் முடிவில்லாமல் வரும் வாய்பாட்டை அவர் எழுதி வைத்திருந்தார். உங்கள் வாதம் "இடது பக்கம் பெரிதாகிக்கொண்டே போகும், வலது பக்கம் எட்டாது" என்ற வகை என்றால், நூறு கோடி அளவிலான எண்களில் ஒன்றுக்கும் சுழிக்கும் உள்ள வேற்றுமையை அது கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

வகுத்தல் மீதிகளை மட்டும் வைத்து எழுதும் நிரூபணமும் நிற்காது. எந்த அடுக்கை எடுத்தாலும், போதுமான அளவு பெரிய எல்லாப் பகா எண்களிலும் அந்தச் சமன்பாட்டுக்கு மீதிக் கணக்கில் தீர்வு உண்டு. 1916-இல் இசாய் ஷூர் தந்த சிறிய நிரூபணம் இருக்கிறது. சிறிய பகா எண்ணில் தீர்வு இல்லாமல் போனாலும் உங்களுக்குக் கிடைப்பது மூன்று எண்ணில் ஒன்று அதனால் வகுபடும் என்பது மட்டுமே.

கலப்பெண்களைக் கொண்டு காரணிப்படுத்தும் வழியில் போகிறவர்கள் ஒரு விஷயத்தால் ஆறுதல் அடையலாம். 1847 மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவை முடித்துவிட்டேன் என்று இதே வழியைத்தான் சொன்னார். அந்தப் புதிய எண்களும் சாதாரண எண்களைப் போல ஒரே ஒரு விதமாகத்தான் பகாக்காரணிகளாகப் பிரியும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது நிரூபிக்க வேண்டிய விஷயம் என்று லியூவில் அங்கேயே கேட்டார். அடுக்கு 23-இல் அது உடைகிறது என்று எர்ன்ஸ்ட் கும்மர் அதற்கு மூன்று ஆண்டு முன்பே கண்டிருந்தார். அந்த உடைசலைச் சரிசெய்யப் போய்த்தான் நவீன இயற்கணிதத்தின் ஒரு பெரிய பகுதி பிறந்தது. நூற்றுக்குக் கீழே கும்மரின் முதல் முறைக்கு அடங்காத பகா எண்கள் 37, 59, 67 என்ற மூன்றுதான். உங்கள் நிரூபணத்தில் "காரணிகளுக்குள் பொதுக் காரணி இல்லை, ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனியே முழு அடுக்கு" என்ற வரி இருந்தால், 23-ஐப் போட்டு அங்கே நின்று பாருங்கள்.

கோல்ட்பாக்கில் ஒரே தவறு பல உடையில் வருகிறது. 2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது ஊகம். 4 × 10¹⁸ வரை சரிபார்த்தாகிவிட்டது. எண் பெரிதாகப் பெரிதாக ஜோடிகளின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையும் கூடுகிறது, ஆகவே சுழியாக முடியாது என்பது வாதம். இதற்கான பொய்க் கூற்றை நாமே செய்துகொள்ளலாம். 10¹⁰⁰ என்ற எண்ணை எடுங்கள். அதைத் தரும் பகா ஜோடி ஒவ்வொன்றிலும் ஒரு பகா எண்ணை அழித்துவிடுங்கள். எதிர்பார்ப்புக் கணக்குப்படி, அதுவரை உள்ள பகா எண்களில் நூற்றுக்கு ஒன்றுகூட அழியாது. எஞ்சிய கூட்டம் அடர்த்தியில் பகா எண்களைப் போலவே இருக்கும். ஆனால் 10¹⁰⁰ இப்போது இரண்டின் கூட்டுத்தொகை இல்லை. எனவே பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதை மட்டும் பயன்படுத்தும் வாதம் எதுவும் கோல்ட்பாக்கை நிரூபிக்க முடியாது. இந்தச் சோதனைக்குத் தாளும் பேனாவும்கூட வேண்டாம். சிறு பகா எண்களின் மடங்குகளை நீக்கி எஞ்சியவற்றை எண்ணும் சல்லடை முறையில் இறங்குகிறவர்களுக்கு வேறொரு சுவர்: பகாக்காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைச் சல்லடை தனியாகப் பிரித்தறியாது. செல்பெர்க் காட்டிய இந்தச் சுவர் காரணமாகத்தான் 1973-இல் சென் ஜிங்ருன், போதுமான அளவு பெரிய இரட்டை எண் எதுவும் ஒரு பகா எண்ணோடு, பகா எண்ணோ இரு பகா எண்களின் பெருக்கலோ சேர்ந்தது என்ற இடத்தில் நின்றார்.

ரீமான் கருதுகோள் பற்றி எழுதும்போது நம்மவர்கள் பெரும்பாலும் ராமானுஜனைத் துணைக்கு அழைக்கிறார்கள். "அவரும் வெளியாள்தானே, அவர் கடிதத்தையும் இருவர் ஒதுக்கினார்களே" என்று. உண்மைதான். ஆனால் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க வேண்டும். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தராக அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு அனுப்பியதில் ஏறக்குறைய 120 முடிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிபார்க்கக்கூடிய சமன்பாடு. ஒன்று தவறானாலும் மற்றது நிற்கும். ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது, சிலவற்றை ஏற்கெனவே தெரிந்தவை என்று அடையாளம் காண முடிந்தது, தொடர்பின்னங்கள் சிலவற்றின் முன் திகைத்து நிற்கவும் முடிந்தது. "நான் ஒரு பெரிய கணக்கைத் தீர்த்துவிட்டேன், நம்புங்கள்" என்று அவர் எழுதவில்லை. சோதித்துப் பார்க்க எண்களைக் கொடுத்தார்.

அதே கடிதத்தில் ஒரு பெரிய தவறும் இருந்தது. ஓர் எல்லை வரை எத்தனை பகா எண்கள் என்பதைக் கிட்டத்தட்டப் பிசகில்லாமல் சொல்லும் சார்பு தன்னிடம் இருப்பதாகவும், எல்லை முடிவிலிக்குப் போனாலும் வேறுபாடு சிறிதாகவே இருக்கும் என்றும் எழுதியிருந்தார். அது நடக்கவில்லை. ஹார்டி பின்னாளில் விளக்கினார்: பகா எண்களின் பரவலோடு பிணைந்த சீட்டா சார்புக்குக் கலப்புச் சுழிகளே, அதாவது அதன் மதிப்பு சுழியாகும் கலப்பெண்களே, இல்லாமல் இருந்திருந்தால் என்ன உண்மையாக இருக்குமோ அதைத்தான் ராமானுஜன் கண்டார். அந்தச் சுழிகள் எல்லாம் மெய்ப்பகுதி பாதியாக உள்ள ஒரே கோட்டின் மேல் இருக்கின்றன என்பதுதான் ரீமான் கருதுகோள். கையால் கணக்கிடக்கூடிய எல்லைக்குள் அந்தச் சுழிகளின் பாதிப்பு மிகச் சிறியது. அதனால் அவருடைய எண்கள் அத்தனையும் பொருந்தின. அப்படிப்பட்ட மேதைக்கே எண்களின் சாட்சி வழிதப்ப வைத்தது என்பதை, அவரைக் கொண்டாடும் நாம் கூடவே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ரீமானுக்கான பொய்க் கூற்று 1936-லிருந்தே தயாராக இருக்கிறது. டேவன்போர்ட்டும் ஹைல்பிரானும் ஒரு சார்பைக் காட்டினார்கள். சீட்டாவுக்கு இருப்பதைப் போன்ற பிரதிபலிப்புச் சமன்பாடு அதற்கும் உண்டு, ஆனால் சுழிகள் பாதிக் கோட்டுக்கு வெளியேயும் விழுகின்றன. அதற்கு இல்லாதது ஒன்றுதான்: பகா எண்களின் பெருக்கலாக எழுதும் ஆய்லர் வடிவம். எனவே உங்கள் நிரூபணத்தில் ஆய்லர் பெருக்கல் எந்த வரியில் வேலை செய்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால், அது ரீமானை நிரூபிக்கவில்லை. அடுத்து, மெய்ப்பகுதி ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒருங்கும் தொடரைப் பாதிக் கோட்டில் கொண்டுபோய் வைப்பது. அங்கே அந்தத் தொடர் எந்த மதிப்பையும் குறிப்பதில்லை. பிறகு, ஒரு சுழிக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுழி உண்டு, ஆகவே இரண்டும் ஒன்றே என்பது. கோட்டுக்கு வெளியே சுழி இருந்தால் அது நான்கு நான்காக வரும், அவ்வளவுதான்; அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கணினியில் சரிபார்த்த அட்டவணைகளை இணைப்பாக வைக்கிறவர்களுக்கு: எந்த எல்லை வரை பார்த்தாலும் பகாக்காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக உள்ள எண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கும் என்று 1919-இல் போல்யா ஊகித்தார். 1958-இல் அது பொய் என்று ஹேசல்குரோவ் நிரூபித்தார். முதன்முதலில் அது தவறுவது 90,61,50,257 என்ற இடத்தில். தொண்ணூறு கோடி வரை ஒரு தவறும் இல்லை. இதே போல எண்களின் பகாக்காரணிகளைப் பற்றிய மெர்ட்டன்ஸ் ஊகத்தை 1985-இல் ஒட்லிஸ்கோவும் டெ ரீலேயும் பொய்யென நிரூபித்தார்கள். அது எந்த எண்ணில் தவறுகிறது என்பதை அந்த நிரூபணம் காட்டவே இல்லை. உங்கள் அட்டவணை, ஊகம் மேல் நம்பிக்கை வைக்க உதவும். நிரூபணத்தின் ஒரு வரியாகக்கூட அது ஆகாது.

கோணத்தை மூன்று சமபாகமாகப் பிரிப்பதும் வட்டத்தைச் சதுரமாக்குவதும் இந்த வரிசையில் வராது, அவை தீர்ந்துவிட்டவை. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு முடியாது என்று முதலாவதற்கு 1837-இல் வான்ட்செலும், இரண்டாவதற்கு 1882-இல் லிண்டமனும் நிரூபித்துவிட்டார்கள். 60 பாகையைப் பிரித்து 20 பாகை வந்ததாக உங்கள் வரைபடம் காட்டினால், பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு சிறு பிசகு ஒளிந்திருக்கிறது. கோண அளவியைக் கீழே வைத்துவிட்டுத் திரிகோண விகிதங்களால் பத்துத் தசம இடம் வரை கணக்கிடுங்கள்.

வெளியாட்களுக்குக் கதவு அடைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: இல்லை, ஆனால் தாமதங்களும் அநீதிகளும் நடந்திருக்கின்றன. குர்ட் ஹேக்னர் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1952-இல் காஸ் விட்டுச் சென்ற ஒரு பெரிய கணக்கின் நிரூபணத்தை வெளியிட்டார். ஓட்டை இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் 1965-இல் காலமானார். அதற்குப் பிறகுதான் ஹெரால்ட் ஸ்டார்க் திரும்பிப் பார்த்து, நிரூபணம் அடிப்படையில் சரி என்று காட்டினார். இதற்கு நேர்மாறாக 2013-இல் யிடாங் ஜாங். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், பெரிய பெயர் எதுவும் இல்லை. இடைவெளி 7 கோடிக்கு மேற்படாத பகா ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று அவர் அனுப்பிய கட்டுரையைத் துறையின் முதன்மை ஆய்விதழ் சில வாரங்களில் ஏற்றுக்கொண்டது. பின்னர் மற்றவர்கள் சேர்ந்து அந்த 7 கோடியை 246 வரை இறக்கினார்கள். ஜாங்கின் கட்டுரை ஏன் அத்தனை விரைவாகப் படிக்கப்பட்டது? கோல்ட்ஸ்டன், பின்ட்ஸ், யில்டிரிம் மூவரும் எந்த இடத்தில் நின்றார்களோ, அந்த இடத்தை முதலில் சுட்டி, தான் எந்த ஒரு படியில் அதைத் தாண்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். படிக்கிறவர் நேராக அந்தப் படிக்குப் போய்ச் சோதிக்க முடிந்தது.

ஆகவே உங்கள் பிரதியையும் அப்படிக் கட்டுங்கள். முதல் பக்கத்தில் தேற்றம், முழு வாக்கியமாக. அடுத்து, இதுவரை தெரிந்தது எது, அது எங்கே நின்றது. பிறகு துணைத்தேற்றங்கள், எண்ணிட்டு, ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்குள். ஒவ்வொரு துணைத்தேற்றத்தையும் சிறிய எண்களில் போட்டுப் பாருங்கள். பாரி, சேஜ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு மதிய நேரத்தில் பழகிவிடலாம். "தெளிவாகத் தெரிகிறது", "இவ்வாறே" என்ற சொற்கள் வரும் இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, அங்கே முழு வாதத்தையும் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். உரையாடல் செயலிகளிடம் கேட்டு இடைவெளியை நிரப்புகிறவர்கள் கூடுதலாகக் கவனம் வையுங்கள்: அவை ஓட்டையின் மேல் சரளமான நடையைப் பூசிக் கொடுத்துவிடும், படிக்கும்போது தடுக்காது. மனிதர் எழுதிய தவறாவது தடுமாற்றத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த வழியில் போக விரும்பினால், லீன் போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மொழியில் ஒரு துணைத்தேற்றத்தையாவது முழுதாக எழுதிப் பாருங்கள். அது "இவ்வாறே" என்பதை ஏற்காது.

பரிசுத் தொகை பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளே கணித நிறுவனம் 2000 மே மாதம் ஏழு கணக்குகளுக்குத் தலா பத்து லட்சம் டாலர் அறிவித்தது. ரீமான் அதில் உண்டு. கோல்ட்பாக்கும் கோலாட்ஸும் இல்லை. ஏழில் ஒன்றுதான், போன்காரே ஊகம், தீர்ந்திருக்கிறது. அதைத் தீர்த்த பெரல்மான் 2010-இல் பரிசை வேண்டாம் என்றுவிட்டார். நிறுவனத்துக்கு நேரடியாக நிரூபணம் அனுப்ப விதி இடம் தரவில்லை. தகுதியான வெளியீட்டில் அச்சாகி, குறைந்தது இரண்டு ஆண்டு கடந்து, கணித உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இந்த அவசரத்தைப் பயன்படுத்தி, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் அச்சாவது இந்த விதிக்கு உதவாது. ஓய்வூதியப் பணத்தை அங்கே கொட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரிய கணக்குகளின் நிழலில் அளவில் சிறிய, ஆனால் உயிருள்ள கேள்விகள் பல இருக்கின்றன, அவற்றில் சில நம் மண்ணில் எழுதப்பட்டவை. தென்காசிப் பக்கத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, ஓர் எண் இரண்டு முழு அடுக்குகளின் வேறுபாடாக முடிவுள்ள தடவைகள் மட்டுமே வரும் என்று ஊகித்தார். வேறுபாடு 1 என்றால் 8, 9 தவிர வேறில்லை என்று 2002-இல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். வேறுபாடு 2-க்கே இன்னும் விடையில்லை. ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்று, 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகியவற்றில் வருகிறது, கடைசியது 181-இன் வர்க்கம். இவ்வளவுதான் என்று 1948-இல் நாகெல் முடித்துவைத்தார். மற்றொன்று, 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போது வர்க்கம் வரும்? பிரோக்கார் ஏற்கெனவே எழுப்பியிருந்த கேள்விதான். 4, 5, 7 மூன்றுக்கும் வருகிறது. 6-க்கு 721, வர்க்கமில்லை. வேறு எண் உண்டா என்பது இன்றுவரை தெரியாது.

இதைப் பிரித்துப் பாருங்கள். வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், இரண்டு வித்தியாசமுள்ள இரு எண்களின் பெருக்கல். 4-க்கு அது 4 × 6. 5-க்கு 10 × 12. 7-க்கு 70 × 72. அந்த இரு எண்களுக்கும் 2-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே 3-இன் அடுக்கு முழுதும் ஒரு பக்கம் போக வேண்டும், 5-இன் அடுக்கு முழுதும் ஏதாவது ஒரு பக்கம், 7-உம் அப்படியே. 70-க்கு 5-உம் 7-உம் போயின, 72-க்கு இரண்டு 3-களும் போயின. பெருக்கல் நீள நீள, இவ்வளவு கனமான பொட்டலங்களை இரண்டு தட்டிலும் பிரித்துவைத்து, தட்டுகளின் வித்தியாசம் சரியாக இரண்டாக இருக்க வேண்டும். நாகெலுக்கு உதவிய தனித்த காரணிப் பிரிப்பு இங்கே கைகொடுக்கவில்லை, ஏனென்றால் இங்கே பிரிக்க வேண்டியது ஒரே எண்ணின் அடுக்காக இல்லை. இதில் ஏதேனும் ஒரு வகை எண்களுக்கு மட்டும், 4, 5, 7 மூன்றையும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்கும் ஒரு வாதம் உங்களுக்குக் கிடைத்தால், இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். 70 × 72-ஐ உங்கள் வாதம் எந்த வரியில் உள்ளே விடுகிறது என்பதை முதல் பக்கத்தின் மேலே குறித்து அனுப்புங்கள். அந்த வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
எண்கணிதம் கற்பிப்போரும் படிப்போருமாகிய சிலர்